ஐசில் வந்த இரண்டு பைகள்

“சிறுதட்டுப் பைகள் இருபது பாகைக்கும் இருபத்து நான்கு பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில், இடைவிடாத மெல்லிய அசைவில் வைக்கப்படல் வேண்டும். எக்காரணம் கொண்டும் அவை ஐசிலோ குளிர்பெட்டியிலோ வைக்கப்படலாகாது. நோயாளிக்கு ஏற்றுவதற்கு முன்னர் ஒவ்வொரு பையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப்படல் வேண்டும். மினுக்கம் காணாத பை நிராகரிக்கப்படல் வேண்டும்.” மூன்றாம் பந்தி, உபபிரிவுகள் (அ) முதல் (இ) வரை.

இரத்த வங்கிச் சுற்றுநிருபம் ஒன்றிலுள்ள விதி இதுதான். ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழில் தந்திருக்கிறேன். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். கடைசி ஒன்பது வருடம் பிரதம இலிகிதர். அரச ஊழியர் விதிகளடங்கிய தாபனக் கோவையில் எந்தப் பக்கத்தில் எந்தப் பிரிவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இந்த ஒரு விதி மட்டும் எனக்குத் தெரியாது. அது தெரியாததால் என் உயிர் போகப் பார்த்தது. அந்த உயிரைப் போகவிடாமல் பிடித்து வைத்த மனிதருடைய வேலைக்கு நானே வேட்டு வைத்தேன். இரண்டாவதைச் சொல்வதற்காகத்தான் முதலாவதையும் எழுதுகிறேன்.

1982 ஆம் ஆண்டு மார்ச் மாதம் எனக்கு நெருப்புக்காய்ச்சல், அதாவது டைபொயிட், வந்தது. டொக்டர் குளோரம்பெனிக்கோல் என்ற குளிசையைப் பத்து நாளைக்கு எழுதித் தந்தார். காய்ச்சல் விட்டது. மருந்துத் துண்டு மட்டும் என் சட்டைப் பையில் தங்கிவிட்டது. இரண்டு கிழமை கழித்து உடம்பு கொஞ்சம் கதகதவென்றிருந்தது. அதே துண்டைக் கொண்டுபோய் பாமசியில் காட்டி, இன்னும் பத்து நாளைக்கு வாங்கினேன். பிறகு மூன்றாம் முறையும் வாங்கினேன். துண்டில் முடிவுத் திகதி எதுவும் குறிக்கப்படவில்லை. முடிவுத் திகதி இல்லாத அனுமதி, இரத்துச் செய்யப்படும்வரை செல்லும் என்பது கச்சேரி வழக்கம். என் எலும்பு மச்சை அந்த வழக்கத்தை ஏற்றுக்கொள்ளவில்லை.

மே மாதம் ஒரு நாள் விடிகாலைச் சுபஹுத் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி வுழூச் செய்யும்போது வாய் கொப்பளித்த தண்ணீர் சிவப்பாக விழுந்தது. வெற்றிலை நான் போடுவதில்லை. விளக்கைக் கொண்டுவந்து பார்த்த என் மனைவி சுபைதா, வாயைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள்.

“இதென்ன, காலெல்லாம் நாவல்பழம் நசுக்கின மாதிரி இரிக்கி?”

முழங்காலுக்குக் கீழே ஊசிமுனை அளவில் நூற்றுக்கணக்கான சிவப்புப் புள்ளிகள். இடையிடையே ஊதா நிறத்தில் பெரிய கன்றல்கள். எங்கும் இடித்துக்கொண்ட ஞாபகம் இல்லை.

அன்று பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டேன். என் விரலில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தவர் சிவஞானம். ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர், பாண்டிருப்பு ஆள், நாற்பது வயது இருக்கும். குத்திய இடத்தில் பஞ்சை வைத்துவிட்டு, “பத்து நிமிஷம் அமத்திப் பிடியுங்க சேர். மணிக்கூட்டைப் பாத்துப் பிடியுங்க” என்றார். பத்து நிமிடம் பிடித்தேன். பஞ்சை எடுத்தேன். இரத்தம் நிற்கவில்லை. இன்னும் பத்து நிமிடம் பிடித்தேன்.

மருந்து எழுதித் தந்த அதே டொக்டர்தான் வாட்டுக்கு வந்தார். எத்தனை குளிசை சாப்பிட்டேன் என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த பேனையை மூடி வைத்தார். பிறகு விளக்கினார். இரத்தத்தில் சிவப்பு, வெள்ளை அணுக்களோடு சிறுதட்டுகள் என்றும் உண்டு. வாய்க்கால் கட்டில் உடைப்பு எடுத்தால் மண்மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்கள் போன்றவை அவை. குழாயில் எங்கே கீறல் விழுந்தாலும் போய் அடைக்கும். அவற்றைச் செய்து அனுப்பும் இடம் எலும்பு மச்சை. நான் அளவுக்கு மிஞ்சி விழுங்கிய மருந்து அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டது. ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இருக்கவேண்டிய இடத்தில் எனக்கு எண்ணாயிரம்.

“குளிசையை நிறுத்தினா மச்சை திரும்ப வேலை செய்யும். பத்துப் பன்னிரண்டு நாள் எடுக்கும். அதுவரைக்கும் நீங்க இருமப்படாது, முக்கப்படாது, விழப்படாது. தலைக்குள்ள ஒரு சொட்டு இரத்தம் கசிஞ்சா...” என்று நிறுத்தினார். மிச்சத்தை நான் மனதில் எழுதிக்கொண்டேன்.

கொழும்புக்கு அனுப்பலாமா என்று சுபைதா கேட்டாள். பத்து மணித்தியாலப் பாதையில் ஒரு குழி போதும் என்றார் டொக்டர். ஆளை அனுப்ப முடியாது. சிறுதட்டுகளை அங்கிருந்து எடுப்பிக்கலாம். தலைநகரில் இருந்த ஓர் இரத்த வங்கி, கொடையாளர் தரும் இரத்தத்திலிருந்து சிறுதட்டுகளை மட்டும் பிரித்துப் பைகளில் கொடுத்துவந்தது. எங்கள் ஆஸ்பத்திரி அதுவரை அதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. டொக்டர் டிரங்க் கோல் போட்டார். இரண்டு பை தருவதாகச் சொன்னார்கள். யார் போய் எடுப்பது?

அதற்கு ஆள் ஏற்கெனவே கொழும்பில் நின்றார். சுபைதாவின் தம்பி ஆதம்பாவா மீன் முதலாளி. கிழமையில் மூன்று தரம் எங்கள் கரையிலிருந்து மீனை ஐசில் அடுக்கிக் கொழும்புச் சந்தைக்கு லொறியில் அனுப்புவார். அன்றைக்குத் தானே லொறியோடு போயிருந்தார். திரும்பும்போது லொறி எப்போதும் வெறுமையாகத்தான் வரும். சந்தைக் கடையொன்றுக்குத் தகவல் போனது.

ஆதம்பாவாவைப் பற்றி ஒரு விடயம் சொல்லவேண்டும். பழுதாகக்கூடிய எதையும் ஐஸ் இல்லாமல் கொண்டுபோவது அவருக்கு மானக்கேடு. மகளின் கலியாணத்துக்குக் கொழும்பிலிருந்து வந்த ரோசாப்பூக்கூட அறுக்குளா மீன் பெட்டியில், ஐசுக்கு நடுவில்தான் வந்தது. மணப்பெண்ணின் கழுத்தில் கிடந்த மாலையை மோந்து பார்த்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்றால், அசையாமல். சுபைதா தன் பழைய சாறிகளைக் கிழித்து, கட்டிலின் இரும்புச் சட்டம் முழுவதையும் சுற்றித் தைத்துவிட்டாள். பல்துலக்கத் தடை, ஈரப் பஞ்சால் ஈறைத் துடைத்துவிடுவாள். கஞ்சியைத் துணியில் வடித்து, ஆறவைத்து, கரண்டியால் பருக்குவாள். சவரம் செய்யவும் தடை. கண்ணாடியில் தாடியோடு யாரோ ஒருவரைக் கண்டேன். அவர் மூக்கிலிருந்து இரத்தம் வடிந்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு ஆதம்பாவா வந்து சேர்ந்தார். இடுப்பில் கட்டிய சறம் முழுக்க ஈரம். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வந்தார்கள். பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி, வாசலிலிருந்து என் கட்டில் வரை கோடு போட்டிருந்தது.

“மச்சான், ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. கொண்டு வந்திட்டன். கடதாசிப் பெட்டிக்குள்ள வெச்சுத் தாறானுகள் மச்சான்! ஐஸ் இல்ல, ஒண்டும் இல்ல. இவனுகளுக்கு என்ன தெரியும்? நான் வெளிய வந்த கையோட ரெண்டு பார் ஐஸ் வாங்கி, ஒடச்சி, மேல கீழ அடுக்கி, வழியில மூண்டு இடத்தில புது ஐஸ் மாத்திக் கொண்டு வந்தன். பாரைக் குட்டிக்குக்கூட நான் இப்பிடிச் செஞ்சதில்ல.”

சுபைதா அழுதாள். நானும் அழுதேன் என்று நினைக்கிறேன். மூக்கில் பஞ்சு அடைத்திருந்ததால் நிச்சயமாகத் தெரியவில்லை.

பெட்டி ஆய்வுகூடத்துக்குப் போனது. அரை மணித்தியாலம் கழிந்தது. ஒரு மணித்தியாலம் கழிந்தது. வெளியே ஆதம்பாவாவின் குரல் உயர்ந்தது. பிறகு டொக்டரும் சிவஞானமும் உள்ளே வந்தார்கள். சிவஞானத்தின் கையில் ஒரு பை இருந்தது. மங்கிய மஞ்சள் நிறத் தண்ணீர். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெல்லச் சுழற்றினார்.

“சேர், நல்ல சிறுதட்டெண்டா இப்பிடிச் சுழட்டக்குள்ள உள்ளுக்க மினுங்கும். பட்டுத் துணி அசையிற மாதிரி. அதுகள் தட்டையா இருக்கிறதால வெளிச்சம் அப்பிடித் தெறிக்கிது. குளிர் பட்டா உருண்டு போயிரும். பிறகு மினுங்காது. இதைப் பாருங்க.”

பார்த்தேன். அரிசி கழுவிய தண்ணீர் போல் கிடந்தது. அடியில் வெள்ளைத் துணுக்குகள் திரண்டிருந்தன.

“மைக்குறஸ்கோப்பிலயும் பாத்தன். எல்லாம் கட்டிபட்டுப் போச்சு. மற்றப் பையிட வாய்க் குழாயில ஐஸ் குத்தி ஒரு வெடிப்பு. ஐஸ் தண்ணி உள்ளுக்கப் போயிருக்கும். ரெண்டையும் ஏத்தேலாது சேர்.”

“ஏத்தேலாதா?” வாசலில் நின்ற ஆதம்பாவா உள்ளே வந்துவிட்டார். “பத்து மணித்தியாலம் நான் கொண்டு வந்த சாமானை நீ ஜன்னல்ல ஆட்டிப் பாத்திட்டு ஏத்தேலாதெண்டு சொல்லுறியா? நீ என்ன, சந்தையில மீன்ட செவுளைப் பாக்கிறியா?”

“ஓம் முதலாளி. கிட்டத்தட்ட அதுதான். நீங்க செவுளைப் பாத்து மீன் வாங்கிறீங்க. நான் மினுக்கத்தைப் பாத்து இதை வாங்கிறன்.”

நான் படுக்கையிலிருந்து கேட்டேன், முப்பத்தொரு வருடப் பழக்கத்தில்: “தம்பி, எந்தச் சுற்றுநிருபத்தின்படி?”

சிவஞானம் திகைத்துப்போனார். “சுற்றுநிருபம் ஒண்டும் என்னட்ட இல்ல சேர். கொழும்பில பயிற்சிக்குப் போனநேரம் எனக்குக் காட்டினவங்க.”

“காட்டினதெல்லாம் சட்டமில்ல. உங்கட ஆய்வுகூடத்தில அறிவுறுத்தல் பைல் இருக்குமே. அதில என்ன எழுதியிருக்கு?”

அவர் மறைக்கவில்லை. அதுதான் அவருடைய குற்றம் என்று பின்னால் ஆனது. “இரத்தம் ஐசில கொண்டுவரவேணும் எண்டிருக்கு. ஆனா அது முழு இரத்தத்துக்கு எழுதினது சேர். இதுக்கில்ல.”

“இதுக்கில்லையெண்டு எழுதியிருக்கா?”

“எழுதேல்ல.”

டொக்டர் சிவஞானத்தின் பக்கம் நின்றார். பைகள் ஆய்வுகூடத்துக்கே திரும்பிப் போயின.

பிற்பகல் சிவஞானம் வேறொரு வேலை செய்தார். என் வகை இரத்தம் உள்ள ஆட்களைத் தேடிப் போனார். பாண்டிருப்புக் கடற்கரையிலிருந்து தன் ஒன்றுவிட்ட அண்ணன்மார் மூவரைக் கூட்டிவந்தார். லொறியில் வந்த இருவரும் கை நீட்டினார்கள். அப்போதே எடுத்த இரத்தத்தில் கொஞ்சம் சிறுதட்டுகள் உயிரோடு இருக்கும். குளிர்பெட்டியில் வைக்காமல் சில மணித்தியாலத்துக்குள் ஏற்றினால் அவையும் வந்து சேரும் என்று டொக்டர் சொன்னார். சிவஞானம் முதல் போத்தலைக் கொண்டுவந்தபோது அது இன்னும் இளஞ்சூடாக இருந்தது.

“இதுக்கும் சுற்றுநிருபம் இல்லையா தம்பி?” என்றேன்.

“இல்ல சேர். ஏத்தவா, வேணாமா?”

ஏற்றினார்கள்.

என் இடக்கையில் அவர் தேடிக்கொண்டுவந்த இரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. வலக்கையால் நான் அவருக்கு எதிராக முறைப்பாடு எழுதினேன். இதை எப்படி எழுதினாலும் அழகாக வராது. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

அது என் வாழ்நாளில் எழுதிய மிகச் சிறந்த முறைப்பாடு. ஐந்து பந்திகள், எண்ணிட்டவை. எழுத்துமூல அதிகாரம் எதுவுமின்றி, கைவசம் இருந்த அறிவுறுத்தலுக்கு முரணாக, ஓர் உத்தியோகத்தர் தன் சொந்த அபிப்பிராயத்தின் பேரில், கொடையாக வந்த இரத்தப் பொருளை வீணாக்கினார் என்பது முதல் மூன்று பந்திகள். பைகளை ஐசில் வைக்கவேண்டாம் என்று எவரும் தனக்குச் சொல்லவில்லை என ஆதம்பாவா தந்த வாக்குமூலம் நான்காம் பந்தி. உரிய ஒழுக்காற்று நடவடிக்கை கோருவது ஐந்தாவது. மூன்றாம் பந்தியில் மூக்கிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இரத்தக் கறையோடு அரசாங்கத்துக்குக் கடிதம் அனுப்புவது முறையல்ல. அந்தத் தாளை மீண்டும் முதலிலிருந்து எழுதினேன்.

“எழுதாதீங்க” என்றாள் சுபைதா. “அந்த மனிசன் உங்களைப் போட்டு என்ன செஞ்சான்? காலையிலயிருந்து சோறும் தின்னல்ல.”

“இது ஆளைப் பத்தினதில்ல. முறையைப் பத்தினது.”

“முறையா உங்களுக்கு இரத்தம் தந்த?”

நான் தாள்களை மடித்து உறையில் போட்டேன். ஆதம்பாவா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுபோய்ப் பதிவுத் தபாலில் சேர்த்து, பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து தந்தார்.

மறுநாள் டொக்டர் மீண்டும் கொழும்புக்குப் பேசினார். இன்னும் இரண்டு பை தர ஒப்புக்கொண்டார்கள். ஆதம்பாவாதான் மறுபடி போகவேண்டும். வேறு வாகனம் இல்லை. சிவஞானம் ஆய்வுகூடத்து வெப்பமானியை அவரிடம் கொடுத்தார். அவர்களிருவரும் என் கட்டிலருகில் நின்று பேசியது இது:

“ஐஸ் வேணாம் முதலாளி. ஒரு கட்டி ஐஸும் வேணாம். வெளிப்பெட்டிக்கு மேல ஈரச் சாக்கைப் போடுங்க. இந்தக் கோட்டுக்கு மேல ஏறவும் விடப்படாது, இந்தக் கோட்டுக்குக் கீழ இறங்கவும் விடப்படாது.”

“சரி. பின்னால வெக்கிறன்.”

“பின்னால வெக்கப்படாது. மடியில வெச்சிருங்க. சும்மா வெச்சிரிக்கவும் ஏலாது. மெல்ல மெல்ல ஆட்டிக்கொண்டே வரவேணும். நிண்டா கட்டிபட்டிரும்.”

“பத்து மணித்தியாலமா?”

“ஓம்.”

“நான் ஏழு புள்ளைக்கி வாப்பா. ஒண்டையும் பத்து நிமிஷம் ஆட்டினதில்ல.”

“அப்ப இது எட்டாவது” என்றார் சிவஞானம்.

புறப்பட்ட மூன்றாம் நாள் காலையில் ஆதம்பாவா வந்தார். சறம் காய்ந்திருந்தது. கண் சிவந்து, முகம் புழுதி படிந்திருந்தது. கைகள் இரண்டும் பெட்டியைத் தாங்கியபடி தம்பாட்டில் ஆடிக்கொண்டேயிருந்தன. சிவஞானம் பெட்டியை வாங்கிய பிறகும் கொஞ்ச நேரம் ஆடின. இம்முறை சிவஞானம் பையை ஆய்வுகூடத்துக்குள் கொண்டுபோகவில்லை. அதே ஜன்னலில், எங்கள் முன்னிலையில், பிடித்துச் சுழற்றினார்.

எப்படிச் சொல்வது? மஞ்சள் தண்ணீருக்குள் ஒரு வெளிச்சம் புரண்டது. புகை போல் திரும்பி, மடிந்து, மறுபக்கம் வெள்ளி காட்டியது.

ஆதம்பாவா கிட்டப் போனார். “இன்னொருக்கா ஆட்டுங்க தம்பி.” ஆட்டினார். “சூடைக் கூட்டம்” என்றார் ஆதம்பாவா. “சூடைமீன் கூட்டம் தண்ணிக்குள்ள ஒரே வாட்டில திரும்பக்குள்ள இப்பிடித்தான் இரிக்கும். உசிரோட.”

பிறகு அவர் என் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

“மச்சான், ஒரு கதை சொல்லணும். அந்த இரத்த வங்கிக் கவுண்டர்ல இருந்த புள்ள சொன்னா. முதல் நாளே சொன்னா. ஐஸ் வேணாம், ஐஸ் வேணாம் எண்டு ரெண்டு தரம் சொன்னா. நான் கேட்டன். விளங்கினதும்தான். இந்தப் புள்ளைக்கி ஐஸைப் பத்தி என்ன தெரியும், நான் முப்பது வருசமா ஐஸோட கிடக்கிறவன் எண்டு நெனச்சிப் போட்டன்.”

“வாக்குமூலத்தில ஒருத்தரும் சொல்லல்லையெண்டு கையெழுத்து வெச்சீங்களே?”

“வெட்கம் மச்சான். சுபைதா ராத்தாட முகத்தைப் பாத்தன். வெச்சிட்டன்.”

அதற்குள் சிவஞானம் ஆய்வுகூடத்திலிருந்து இரண்டு கண்ணாடிக் குழாய்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். இரண்டிலும் கிருமி வளரக்கூடிய இறைச்சிச் சாறு. ஒன்றில் எதுவும் சேர்க்கவில்லை, மற்றதில் வெடித்திருந்த பையிலிருந்து சில சொட்டுகள் விட்டு, உடம்புச் சூட்டில் வைத்திருந்தார். முதலாவது தேயிலைச் சாயம் போலத் தெளிவாக இருந்தது. இரண்டாவது, குளத்தில் எருமை இறங்கிய தண்ணீர். மூடியைக் கொஞ்சம் தளர்த்தினார். நாற்றம் கட்டில் வரை வந்தது.

கலங்கிய அதுதான் என் நரம்புக்குள் போகவிருந்தது. சிறுதட்டும் இல்லை, எதிர்த்துநிற்க வெள்ளை அணுவும் குறைவு. நான் அந்தக் குழாயைப் பார்த்தேன். பிறகு என் தலையணைக்குக் கீழே இருந்த பதிவுத் தபால் பற்றுச்சீட்டைப் பார்த்தேன்.

“தம்பி, நான் உங்களுக்கெதிரா ஒரு பெட்டிஷம் எழுதியிருக்கிறன்” என்றேன்.

“தெரியும் சேர். முதலாளி தபாற்கந்தோருக்குப் போகக்குள்ள வழியில என்னட்டத்தான் கடிதத்தைக் காட்டி முத்திரைக்குச் சில்லறை மாத்திக் கேட்டார்.” பையைத் தூக்கித் தொங்கவிட்டார். “கையை ஆட்டாதீங்க. ஊசி விலகிரும்.”

அன்றே தந்தி அடித்தேன்: முறைப்பாட்டை மீளப்பெறுகிறேன், விளக்கம் தபாலில். மறுநாள் ஆதம்பாவாவின் புதிய வாக்குமூலத்தோடு நான்கு பக்கக் கடிதம் அனுப்பினேன். சிறுதட்டுகள் பதினைந்தாயிரமாகின, பின்னர் நாற்பதாயிரம். என் மச்சை கடை திறந்துவிட்டது. பதினெட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசலில் சிவஞானம் கடைசியாக விரலில் குத்தினார். பஞ்சை வைத்த மூன்றாம் நிமிடம் இரத்தம் நின்றது. “பாஸ்” என்றார்.

என் முப்பத்தொரு வருட சேவையில் நான் எழுதிய எந்தக் கடிதத்துக்கும் மேலலுவலகம் மூன்று மாதத்துக்குள் அசைந்ததில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் மூன்றாம் கிழமையே விசாரணை உத்தியோகத்தரை நியமித்தார்கள். எண்ணிட்ட பந்திகளின் மகிமை. முறைப்பாட்டை மீளப்பெற்றதைப் பற்றிக் கேட்டபோது, ஒழுக்காற்று விடயமாகப் பதிவுசெய்யப்பட்ட முறைப்பாட்டை முறைப்பாட்டாளர் மீளப்பெறுவதற்கு ஏற்பாடு இல்லை என்று எழுதினார்கள். அது சரி. பிரிவு எண்ணும் சரியாகவே போட்டிருந்தார்கள். கச்சேரியில் இருந்த காலத்தில் அதே வசனத்தை நானே எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன்.

விசாரணைக்கு நான் சாட்சியாகப் போனேன். கேள்வி ஒன்றுதான்: பைகளை நிராகரிக்க உமக்கு எழுத்துமூல அதிகாரம் எது? கலங்கிய குழாயைப் பற்றிச் சிவஞானம் சொன்னார். அது நிராகரித்த பின்னர் கிடைத்த ஆதாரம். நிராகரித்த வேளையில் கைவசம் இருந்த அதிகாரம் அல்ல என்றார்கள். ஆதம்பாவா எழுந்து, “நான்தான் பொய் சொன்னன், என்னைப் பிடியுங்க” என்றார். அவர் அரச ஊழியர் அல்லாததால் அது பதிவுக்கு எடுக்கப்படவில்லை.

அந்தச் சுற்றுநிருபம் எங்கோ இருந்தாகவேண்டும் என்று எனக்குத் தெரியும். பயிற்சியில் காட்டியிருக்கிறார்கள் என்றால் யாரோ எழுதி, யாரோ தட்டச்சு செய்து, யாரோ கையெழுத்து வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே இரத்த வங்கிக்கு எழுதியிருந்தேன், அதன் உறுதிப்படுத்திய பிரதி ஒன்று வேண்டுமென்று. ஜூனில் நினைவூட்டல். ஜூலையில் நோன்பு முடிந்து இரண்டாம் நினைவூட்டல். டொக்டரும் தனியாகக் கேட்டார். தேடிப் பார்ப்பதாகத் தொலைபேசியில் சொன்னார்களாம். ஓகஸ்டில் தீர்ப்பு வந்தது: சம்பள ஏற்றம் ஒரு வருடம் நிறுத்தம், ஒக்டோபர் முதலாம் திகதி தொடக்கம் மன்னார்ப் பக்கம் ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரிக்கு இடமாற்றம். மேன்முறையீடு செய்யலாம், புதிய எழுத்துமூல ஆதாரம் இருந்தால். செப்டெம்பரில் மூன்றாம் நினைவூட்டலும், அதன்பின் தந்தியும் அனுப்பினேன்.

சிவஞானத்தின் மனைவி இங்கே பாடசாலையில் படிப்பிக்கிறவர். கைக்குழந்தைக்கு ஆறு மாதம். சிவஞானம் பஸ் ஏறும் காலையில் நானும் சுபைதாவும் போயிருந்தோம். குழந்தையை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார். சுபைதா தொதல் இனிப்புப் பொதியொன்றைக் கொடுத்தாள்.

“தம்பி, அந்த விதி இரிக்கி. நான் எடுப்பன்” என்றேன்.

“எடுங்க சேர். எனக்கும் ஒருக்கா அதை எழுத்தில பாக்க ஆசை.” குழந்தையை மனைவியிடம் கொடுத்தார். “இப்ப என்ர இடத்துக்கு வாற பொடியனுக்கு மினுக்கத்தைக் காட்டிப்போட்டுத்தான் போறன். அவனுக்கும் சுற்றுநிருபம் இல்ல.”

பஸ் போய்விட்டது. சுபைதா எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தாள்.

சிவஞானம் போய்ச் சில நாளில் பதில் வந்தபோது நானும் ஆதம்பாவாவும் விறாந்தையில் இருந்தோம். நீண்ட பழுப்பு உறை. உள்ளே நான் கேட்ட பிரதி. மேலே நான் எழுதியிருக்கும் மூன்றாம் பந்தி, சொல்லுக்குச் சொல். அது இரண்டு வருடங்களுக்கு முன்னரே வெளியிடப்பட்டிருந்தது. கூடவே ஒரு முகப்புக் கடிதம். சிறுதட்டுப் பைகளைக் கோரும் ஆஸ்பத்திரிகளுக்கு மட்டுமே அந்தச் சுற்றுநிருபம் அனுப்பப்பட்டதாகவும், எங்கள் ஆஸ்பத்திரி அதற்கு முன்னர் ஒருபோதும் கோராததால் விநியோகப் பட்டியலில் இடம்பெறவில்லை எனவும், இனி இடம்பெறும் எனவும் அறியத்தந்திருந்தார்கள். தாமதத்துக்கு வருந்தியிருந்தார்கள்.

பந்தியைத் தமிழில் சொல்லி ஆதம்பாவாவுக்கு வாசித்துக் காட்டினேன். மினுக்கம் காணாத பை நிராகரிக்கப்படல் வேண்டும் என்ற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“அவன் சொன்னதையே எழுதியிரிக்கானுகள்.”

“ஓம்.”

“அவன் சொல்லக்குள்ள நீங்களும் நானும் நம்பல்ல.”

“இல்ல.”

அவர் எழுந்து சறத்தை இறுக்கிக் கட்டினார். “இதைத் தபால்ல போடாதீங்க மச்சான். லொறி நிக்கிது. மன்னாருக்கு நான் கொண்டு போறன். மடியில வெச்சிக் கொண்டு போறன். மேன்முறையீட்டையும் இப்பவே எழுதுங்க, அவன்ட கையெழுத்தை வாங்கிக்கொண்டு வாறன்.”

எழுதினேன். பந்திகளுக்கு எண் போடவில்லை. வந்த பழுப்பு உறையை அவர் கையில் கொடுக்குமுன், பழக்கதோஷத்தில் அதன் இடது மூலையில் சிவப்பு மையால் ஒரு வரி எழுதி, சுருக்கொப்பம் வைத்தேன்: பெறப்பட்டது, 1982 ஒக்டோபர் 5.